வெர்லினின் பாதி

எங்கள் பக்கத்தில் காபி தண்ணீராகத்தான் இருக்கும். குறையாக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை குடிக்கிற ஊரில் அதைக் கெட்டியாகப் போட்டால் யாரும் தூங்க முடியாது. அந்தக் கேக் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரி நீங்கள், தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

நல்ல செய்தி என்று சொல்லித்தான் அந்த நீல ஃபைலை மேசைமேல் வைத்தீர்கள். என் தம்பி வெர்லினின் மகன் குன்னர், போன மாதம் என் நிலத்தில் இருக்கும் எண்ணெய் டேங்கின் மேல் செத்துக் கிடந்தான். விபத்து என்று எழுதி வழக்கை முடிக்கப் போகிறீர்கள். அவன் காரில் ஒரு பத்திரம் கிடைத்திருக்கிறது. அப்பா வழியாக அவனுக்கு வரவேண்டிய கனிம உரிமை, அதாவது நிலத்துக்கு அடியில் இருப்பதில் உள்ள பங்கு, முழுவதையும் எனக்குக் கொடையாக எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறான். பத்திரம் என் கைக்கு வராததால் அது செல்லாமல் போகலாம். ஆனாலும் அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பெற்றவர்களும் இல்லை. இரத்த உறவு என்று இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே எந்தப் பக்கம் சுற்றினாலும் அது என்னிடம்தான் வந்து சேரும் என்கிறீர்கள்.

எனக்கு அது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்கிறேன். அந்தப் பதிவுக் கருவியை அணைக்காதீர்கள், ஓடட்டும். இரண்டு தடவை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

வெர்லின் என்னைவிட நான்கு வயது சின்னவன். எழுபத்தெட்டில், கோதுமை அறுப்பின் நடுவில், பாதி வயலில் அறுவடை இயந்திரத்தை நிறுத்தி, சாவியை இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனான். அப்பாவோடு சண்டை. எதற்கு என்று இன்று வரை எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் சண்டை என்றால் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள், ஒருவர் எழுந்து வெளியே போவார். அவன் வெளியே போனவன் வாஷிங்டன் மாநிலம் வரைக்கும் போய்விட்டான். அங்கே யாக்கிமாவில் பழத்தோட்டத்தில் வேலை.

மறுநாள் காலை பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஐந்து பேர் சொந்த இயந்திரங்களோடு வந்து மிச்சத்தை ஒரே நாளில் அறுத்துக் கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்த நாள் மறக்காது. உதவி செய்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறையிலேயே நின்றேன். அடுத்த இரண்டு வருஷ அறுப்பிலும் அந்த ஐந்து வீட்டுக்கும் போய் தானிய லாரி ஓட்டினேன். ஐந்தாவது வீட்டில் கடைசி லோடு இறக்கிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டியது.

இது என் குணம் மட்டும் இல்லை, ஊர் வழக்கமே இப்படித்தான். சாவு வீட்டுக்கோ சீக்கு வந்த வீட்டுக்கோ ஒருத்தி பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். அடியில் அவள் பேர் எழுதி ஒட்டியிருக்கும். அந்தப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஏதாவது சுட்டு, நிரப்பித்தான் கொடுப்பார்கள். ஆனைக்கும் பானைக்கும் சரியாகிவிட வேண்டும். இந்த வீட்டு அலமாரியில் அடுத்த வீட்டுப் பேர் ஒட்டிய பாத்திரம் ஒன்றாவது இருக்கிறதா என்று வேண்டுமானால் திறந்து பாருங்கள்.

எண்பதில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது வருஷம் படுக்கை. ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் போட்டேன். என் கணவர் ஆர்லோ எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிவந்து டேங்க் அளவு எடுக்கும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்துக் கிணறுகள், நேராக இறங்குகிறவை. அவர் வெளியே, நான் உள்ளே. நிலத்தையும் நான்தான் உழுதேன். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். நான் கணக்குப் பார்க்கவில்லை.

எண்பத்து நான்கில் வெர்லினிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு குழந்தைப் படம். பையன் பிறந்திருக்கிறான், அவன் தாய்க்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, ஆனால் பிள்ளை என் பிள்ளை, அப்பா பேரையே வைத்திருக்கிறேன், அப்பாவிடம் காட்டு, சர்ச்சில் குடும்பப் பதிவேட்டில் எழுதச் சொல் என்று இருந்தது. சர்ச்சில் அந்தப் பதிவேட்டை எழுதுகிறவளே நான்தான். அவனுக்கு அது தெரியும்.

நான் எழுதவில்லை. படத்தை மேசை இழுப்பறையில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்தேன். பாதி வயலில் சாவியை வைத்துவிட்டுப் போனவன், வீட்டுப் பேரை மட்டும் கொண்டுபோயிருக்கிறான் என்று தோன்றியது. அப்பா சாவதற்கு முந்தின குளிர்காலத்தில், வாய் கோணிய பேச்சில், "வெர்லினுக்கு... யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் அவர் தலையணையைச் சரிசெய்தேன். இல்லை என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் உயில் வாசித்தபோது நிலம் எனக்கு என்று இருந்தது. நிலத்துக்கு அடியில் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் சரிபாதி. எழுதும்போது வக்கீலிடம் அப்பா சொன்னதை வக்கீலே எனக்குச் சொன்னார்: "பையனுக்கும் ஏதாவது எழுதணும் இல்ல. கீழ என்ன கெடக்கு, கல்லுதான். கல்லுல பாதி அவனுக்குப் போகட்டும்." அன்றைக்கு அது எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், சரி, கல்லில் பாதிதானே என்று நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றாறில் வெர்லின் இறந்தான். யாக்கிமா மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள். சர்ச்சில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். பாவம் ஒண்டிக்கட்டை, யாரும் இல்லாமல் போய்விட்டான் என்றார்கள். அட்டைக்கு நன்றி சொன்னேன். ஐந்து வருஷம் கழித்து ஆர்லோவும் நெஞ்சுவலியில் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்புறம் இந்தப் புது எண்ணெய் வந்தது. கல்லுக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறதாம். இரண்டு மைல் கீழே இறங்கி, அங்கிருந்து படுக்கைவாட்டில் இன்னும் இரண்டு மைல் துளைத்துக்கொண்டு போவார்களாம். யார் நிலம் யார் நிலம் என்று பார்க்காமல் ஒரு சதுர மைல் அளவுள்ள செக்ஷன்கள் இரண்டைச் சேர்த்து ஒரே கணக்காக ஆக்கி, யாருக்கு எத்தனை ஏக்கரோ அத்தனை பங்கு. கிணற்றை மட்டும் என் கோதுமை வயலில் வைத்தார்கள். ஏழு ஏக்கரில் சரளை கொட்டி, டேங்குகளை நிறுத்தி, வாயுவை எரிக்க ஒரு குழாய் வைத்து, பகலும் இரவும் லாரி ஓட்டினார்கள். என் துணிக்கொடி மூன்று வருஷமாகச் செம்மண் நிறத்தில் இருக்கிறது. அரிசோனாவில் ஒரு பல் டாக்டருக்கு இந்தக் கிணற்றில் பங்கு இருக்கிறது. அவர் இந்த மாநிலத்துக்கே வந்ததில்லை. அவர் தாத்தா ஒரு வறட்சி வருஷத்தில் நிலத்தை விற்றபோது கீழே இருப்பதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டாராம். தூசி எனக்கு, பங்கு அவருக்கு. இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

துளைப்பதற்கு முன்னால், இரண்டாயிரத்துப் பத்தில், கம்பெனிக்காகப் பத்திரம் தேடும் ஆள் ஒருவன் வந்தான். லேண்ட்மேன். கோர்ட்டில் நாள்முழுக்க உட்கார்ந்து பழைய புத்தகங்களைப் புரட்டி, யார் வாரிசு என்று கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. வெர்லினின் பாதி யாருக்கு என்பதுதான் அவனுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. வெர்லின் உயில் எழுதவில்லை. அப்படி இருந்தால், குடும்பத்தை நெடுநாளாக அறிந்த, சொத்தில் சம்பந்தம் இல்லாத இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தால் போதும். என் கையெழுத்து செல்லாது. பக்கத்துப் பண்ணை பால்மரும் அவர் மனைவியும் வந்து இதே மேசையில் உட்கார்ந்தார்கள். பால்மர் நாற்பது வருஷமாகச் சர்ச்சில் பொருளாளர். அன்றைக்கு அறுப்புக்கு வந்த ஐந்து பேரில் ஒருவர்.

லேண்ட்மேன் தாளைப் பார்த்துக் கேட்டான்: "இறந்தவருக்குக் குழந்தைங்க உண்டா? பெத்ததோ தத்தெடுத்ததோ?"

பால்மர் சிரித்தார். "வெர்லினுக்கா? அவன் ஒரு நாயைக்கூட முழுசா ஒரு வருஷம் வளர்த்தது கிடையாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே, ஆர்டிஸ்?"

நான் காபிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, பால்மர்?" என்றேன்.

"அரைக் கோப்பை," என்றார் அவர். ஊற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டார், மனைவியும் போட்டாள். எங்கள் ஊரில் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்பது அநாகரிகம். வெளியூர்க்காரனாக இருந்தால் இன்னொரு தடவை கேட்டிருப்பான். லேண்ட்மேன் வெளியூர்க்காரன்தான், ஆனால் அவன் அவர்களைத்தானே கேட்டான், என்னைக் கேட்கவில்லை.

அப்படித்தான் வெர்லினின் பாதி என் பேருக்கு வந்தது. கம்பெனி அனுப்பிய பங்குத் தாளில் என் பேருக்கு நேரே இருந்த எண் இரண்டு மடங்காக இருந்தது. வீட்டுக்குக் கூரை மாற்றினேன். சர்ச் சமையலறைக்கு ஆறு அடுப்பு வைத்த பெரிய ஸ்டவ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெயர்ப்பலகை வேண்டாம் என்றேன், அவர்களாக வைத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் அப்பாவைத் துடைத்த கைக்கு வெர்லினின் பாதி கூலி. நான் அதை அப்படித்தான் பார்த்தேன், இப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி, காலை பத்தரைக்கு, வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவன் கையில் ஒரு பெட்டி பீச் பழம்.

"அத்தை, நான் வெர்லின் பையன். குன்னர்."

"தெரியுது. எங்கப்பா காது அப்படியே ஒட்டியிருக்கு உனக்கு."

சிரித்தான். "நம்ம வம்சத்துல காது மட்டும்தான் சொத்துன்னு அப்பா சொல்லுவாரு."

உள்ளே வரச் சொன்னேன். வாசலில் நிற்கவைத்து அனுப்புகிற வீடு இல்லை இது. பன்றித்தொடை ரொட்டி வைத்தேன், ஊறுகாய் வைத்தேன், இதே கேக்கை வைத்தேன். பீச் பெட்டிக்கு அது சரியாகப் போயிற்று. நன்றாகச் சாப்பிட்டான். இருபத்தொன்பது வயது. பழத்தோட்டத்தில் மேஸ்திரி. நகத்தில் மரப்பிசின் கறை இருந்தது. பேச்சுக்கு நடுவில் நிறுத்தி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பழக்கம் வெர்லினுக்கும் உண்டு.

யாரோ ஒரு தரகன் அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், உன் பேரில் அங்கே கனிம உரிமை இருக்கலாம், விற்கிறாயா என்று. அதைப் பிடித்துக்கொண்டு இவன் நேரே நம் கோர்ட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்திருக்கிறான்.

"அந்தத் தாளைப் பார்த்தேன் அத்தை. அப்பாவுக்குப் பிள்ளையே கெடையாதுன்னு எழுதியிருக்கு. ஒரு நிமிஷம் என்னை நானே கிள்ளிப் பாத்துக்கிட்டேன்."

"அது பால்மர் எழுதிக் குடுத்தது."

"அவருக்கு எப்படித் தெரியும், பாவம். என் போட்டோவ உங்களுக்கு அனுப்புனதா அப்பா சொல்லியிருக்காரு. தபால்ல எங்கயாவது தொலைஞ்சிருக்கும்."

"தொலையல," என்றேன்.

அவன் ஒரு பீச் பழத்தை எடுத்துத் தோலை உரித்தான். முழுதும் உரித்துத் தட்டில் வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நான் என் ஒன்பது வருஷத்தையும் எடுத்து அவன்முன் வைத்திருப்பேன். பதில் தயாராக இருந்தது. முப்பது வருஷமாகத் தயாராக இருந்த பதில்.

"சரி, விடுங்க அத்தை," என்றான். "நான் ஒண்ணும் மனசுல வைக்கல. நீங்கதானே தாத்தாவப் பாத்துக்கிட்டீங்க. அப்பா குடிச்சாருன்னா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. என் பாதி அக்காவுக்குத்தான் போகணும், எழுதிக் குடுக்க வெக்கமா இருக்கு, அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு சொல்லுவாரு."

பிறகு அந்த நீல ஃபைலிலிருந்து தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். நோட்டரி முத்திரையோடு. இந்தப் பத்திரங்களில் வழக்கமாகப் பத்து டாலர் பெற்றுக்கொண்டு என்று எழுதுவார்கள், யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். அவன் அதைக்கூட அடித்துவிட்டு, அன்பின் பொருட்டு என்று எழுதவைத்திருந்தான்.

"இது அப்பா சொன்னதுதான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கேன். வாங்குனது வாங்குனதா இருக்கட்டும், பழைய பேச்சு எதுக்கு."

"எடுத்து உள்ள வை."

"அத்தை—"

"உன்னுத நீயே வச்சுக்க."

"எனக்கு எதுக்கு அத்தை? ஒத்த ஆளு. சும்மா தர்றேன், வாங்கிக்குங்க."

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருஷமாக அது என்னுடையது. நான் உழைத்துச் சம்பாதித்தது. இவன் ஒரு தாளை நகர்த்திய மாத்திரத்தில் அது அவனுடையதாகி, அவன் எனக்குப் போடுகிற பிச்சையாகிவிட்டது. அந்தப் பாத்திரத்தை நிரப்பித் திருப்பிக் கொடுக்க என் வீட்டில் எதுவும் இல்லை. அவன் கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன், வழக்குப் போட்டிருந்தால் நின்று தோற்றிருப்பேன். தோற்றவளை இந்த ஊர் மதிக்கும்.

அப்போதும் நான் எதுவும் செய்திருக்க மாட்டேன். அவனாகத்தான் மேலே பேசினான்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு உங்ககூட வர்றேன். பால்மர்கிட்ட நானே சொல்லிடறேன், நீங்க சங்கடப்பட வேண்டாம். அத்தைக்கு ஞாபகம் இல்லாமப் போயிருக்கும், இப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள் என்பது உண்மைதான். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது, நான் வாங்கிக் கொடுத்த ஸ்டவ்வின் முன்னால் நின்று, வெர்லின் பையன் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று பேசுவார்கள். பால்மர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அன்றைக்கு அறுவடைக்கு வந்து நின்றபோது சொல்லாமல் இருந்தாரே, அதேபோல. இதற்குமுன் நான் பால்மரின் மானத்தைக் காப்பாற்றத்தான் அன்று செய்ததைச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆகிவிடக் கூடாது அல்லவா. உங்களிடம் பேசப் பேச, அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

அவன் ஃபைலை மூடி எழுந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அதுதானா அத்தை நம்ம கிணறு?" என்று கேட்டான். "கீழ வெறும் கல்லுன்னு தாத்தா சொன்னதா அப்பா சிரிப்பாரு. அந்த எண்ணெய ஒருதரம் கண்ணால பாக்கணும்னு ஆசை. யாக்கிமாவுல யார்கிட்டயும் சொன்னா நம்ப மாட்டாங்க."

நானும் ஜன்னலைப் பார்த்தேன். வாயு எரிகிற குழாயின் தலையில் நெருப்பு நெட்டுக்குத்தாக நின்றது. இந்தப் பகுதியில் வருஷத்துக்கு நான்கைந்து நாள்தான் அப்படி நிற்கும். மற்ற நாளெல்லாம் காற்று அதைச் சாய்த்தே வைத்திருக்கும். ஆர்லோ என்னைப் பலமுறை டேங்குக்கு மேலே கூட்டிப்போயிருக்கிறார். மூடியைத் திறந்தால் வெளியே வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது. காற்று முதுகில் இருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், குனியக் கூடாது. காற்று இல்லாத நாளில் அவர் மேலே ஏறவே மாட்டார். "ரெண்டு மூச்சு போதும் ஆர்டிஸ், கூப்பிடக்கூட நேரம் இருக்காது," என்பார்.

"படிக்கட்டு இருக்கு," என்றேன். "மேல ஒரு வட்ட மூடி இருக்கும். அதைத் திறந்தா எண்ணெய்தான்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"யார் சொல்றது? நம்ம நிலம்தானே."

நம்ம என்று நான் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. கதவருகில் நின்று, "எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கே அத்தை, கார்ல வரும்போது பாத்தேன்," என்றான்.

"இந்தக் கவுண்டில பலகை இல்லாத இடம் எது? எல்லாத்துக்கும் பயந்தா கக்கூசுக்குக்கூடப் போக முடியாது."

சிரித்துக்கொண்டே போனான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலைக் காரில் வைத்தான், சரளையில் நடந்தான், படியேறினான். மேலே நின்று வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். மூடியைத் திறந்தான். உள்ளே இருட்டாக இருக்கும், நன்றாகத் தெரியாது. குனிந்து பார்த்தான். பிறகு களைத்துப்போனவன் உட்காருவதுபோல அந்த இரும்புத் தட்டில் உட்கார்ந்து, ஒருக்களித்துச் சாய்ந்தான்.

சுவரில் இருக்கும் அந்தத் தொலைபேசியில் கம்பெனியின் அவசர எண் ஒட்டியிருக்கிறது. டேங்கருகில் இருந்த லாரிக்காரன் முகமூடியோடு ஐந்து நிமிடத்தில் மேலே ஏறியிருப்பான். அவன் மறுபக்கம் பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு இது தெரியவில்லை. நான் கத்தியிருந்தாலும் கேட்டிருக்கும், அவ்வளவு அமைதியான நாள். இரண்டு தட்டையும் கழுவினேன். ஊறுகாய்க் கிண்ணத்தைக் கழுவினேன். துடைத்து அடுக்கினேன். மறுபடி பார்த்தபோது அவன் கால் மட்டும் படியோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அசையவில்லை. பீச் பழங்களைக் கொதிநீரில் போட்டு ஜாடிகளில் அடைத்தேன். பழம் அழுகினால் வீண்தானே.

மூன்று மணிக்கு அடுத்த லாரிக்காரன் பார்த்தான். ஷெரிஃபின் ஆள் வந்து, ஏறுவதைப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றேன். அவனைத் தெரியுமா என்றார். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்றேன். அதுவும் உண்மை. அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பணத்தை அவன் தட்டில் வைத்து நீட்டினான். பணம் வேண்டியிருந்தால் நான் ஒரு நன்றி சொன்னால் போதும், அவன் இன்றைக்கு யாக்கிமாவில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

அவனோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாதம் நிம்மதியாகத்தான் தூங்கினேன். இன்றைக்கு நீங்கள் வந்து அதே தாளை அதே மேசையில் வைக்கிறீர்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று வந்தவுடனே கேட்டேன். கொடுக்கலாம் என்றீர்கள். ஆனால் அது கோர்ட்டுப் புத்தகத்தில் ஏறும். அவன் கொடுத்தான், இவள் மறுத்தாள் என்று அதைப் புரட்டுகிற ஒவ்வொரு லேண்ட்மேனும் படிப்பான். வாங்கிக்கொண்டாலும் அவன் கொடுத்தவன், தள்ளிவிட்டாலும் அவன் கொடுத்தவன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. செத்தும் அவன் கை மேலே இருக்கிறது, என் கை கீழே இருக்கிறது.

இது என் பக்கமே வராமல் போக வேறு வழி இல்லையா என்று கேட்டதற்கு நீங்கள் சிரித்துக்கொண்டு, "நீங்களே அவரைக் கொன்னிருந்தாத்தாம்மா உண்டு. கொன்னவங்களுக்குச் சட்டம் சல்லிக்காசு தராது," என்றீர்கள். விளையாட்டாகச் சொன்னீர்கள், தெரியும். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். காற்று இல்லை என்று தெரிந்து, என்ன ஆகும் என்று தெரிந்து, என் தம்பி மகன் குன்னரை நான் மேலே அனுப்பினேன். ஆள் வரவழைக்க நேரம் இருந்தும் வரவழைக்கவில்லை. அவன் சாகட்டும் என்றுதான் நின்றேன். இனி இந்த ஊர் அவன் கொடுத்ததைப் பற்றிப் பேசாது, நான் செய்ததைப் பற்றித்தான் பேசும். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியும்.

அழாதீர்கள், உங்களுக்கு வயசு கம்மி. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள். அறுபத்தாறு வருஷத்தில் அடுத்தவர் பொருளில் ஒரு சல்லியைத் தொட்டவள் ஆர்டிஸ் என்று எவரும் என்னைச் சொன்னது இல்லை. இனிமேலும் சொல்ல முடியாது.